கதவைத் திறந்தது யார்?

எங்கள் ஆபீஸ் கான்டீனில் ஒரு மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறது. மதியம் ஒண்ணேகால் மணிக்கு அதன் முன்னால் நிற்கும் க்யூ, ரேஷன் கடையில் பாமாயில் வந்த அன்று நிற்கும் க்யூவுக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. ஆளுக்கொரு டப்பா. நேற்றைய சாம்பார் சாதம், முந்தாநாள் வத்தக்குழம்பு, பேச்சலர்கள் கையில் மெஸ்ஸிலிருந்து கட்டி வந்த பெயர் தெரியாத ஏதோ ஒன்று. இந்த க்யூவில் இரண்டு ரகம் உண்டு. 'டிங்' என்று மணி அடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் ஒரு ரகம். இன்னும் பதினைந்து செகண்ட் பாக்கி இருக்கும்போதே கதவைப் படாரென்று இழுத்துத் திறப்பவர்கள் இன்னொரு ரகம். எங்கள் சீனு இரண்டாவது.

"முடியட்டுமேப்பா, என்ன அவசரம்?"

"பசிக்குது ஸார். அதுவா நின்னா என்ன, நான் நிறுத்தினா என்ன? சாதம் சாதம்தானே!"

வாஸ்தவம். சாதத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இதே மாதிரி பசி தாங்காமல் கதவைத் திறந்த சில புண்ணியவான்களால் ஆஸ்திரேலியாவில் விஞ்ஞானிகள் பதினேழு வருஷம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். சீனு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரீல் விடறதுக்கு ஒரு அளவு வேணாமா ஸார்?" என்று டப்பாவோடு நகர்ந்துவிட்டான். அவன் நம்பாவிட்டால் போகிறது. நீங்கள் கேளுங்கள்.

சிட்னியிலிருந்து மேற்கே வெகுதூரம் போனால், செம்மறி ஆடுகள் மேயும் வெட்டவெளியில் பார்க்ஸ் என்ற ஊர். அங்கே 64 மீட்டர் அகலத்தில் ஒரு பிரும்மாண்டமான இரும்புத் தட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1961ல் கட்டியது. 1969ல் ஆர்ம்ஸ்ட்ராங் சந்திரனில் காலை வைத்த அன்று டி.வி. படங்களைப் பிடித்துக்கொடுத்த டெலஸ்கோப்புகளில் இதுவும் ஒன்று. டெலஸ்கோப் என்றதும் குழாயில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கும் தாத்தா ஞாபகத்துக்கு வந்தால் அவரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள். இதில் கண்ணை வைக்க இடமே கிடையாது. இது பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை.

கண்ணுக்குத் தெரியாதது எப்படி வெளிச்சம் ஆகும்? இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

வெளிச்சம் என்பது ஒரு அலை. ஒரு அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தூரம் அலைநீளம். நம் கண்ணுக்குத் தெரிவது சுமார் 400 நானோமீட்டர் ஊதாவிலிருந்து 700 நானோமீட்டர் சிவப்பு வரை. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சங்கீதம் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு முழு ஸ்தாயி என்பது இரண்டு மடங்கு. 400க்கு மேல் ஸ 800ல் இருக்கிறது. 700லேயே நம் கண் நின்றுவிடுகிறது. அதாவது ஸவில் ஆரம்பித்து நி வரை வந்து, மேல் ஸ எட்டாமல் தொண்டை கட்டிக்கொள்ளும் பாடகர் நாம். காமா கதிர், எக்ஸ்ரே, புறஊதா, அகச்சிவப்பு, மைக்ரோவேவ், ரேடியோ என்று மொத்த ஹார்மோனியத்தில் நாற்பது ஸ்தாயிக்கு மேல் இருக்கிறது. எல்லாம் ஒரே சரக்கு. ஒரே வேகம். நீளம்தான் வித்தியாசம். நட்சத்திரங்கள் இந்த நாற்பதிலும் வாசிக்கின்றன. நாமோ ஆதிகாலத்திலிருந்து ஒரே ஒரு கட்டையைக் கேட்டுவிட்டு, வானம் முழுவதும் தெரியும் என்று ஜாதகம் வரை கணித்துவிட்டோம்.

முதல் மூடுதிரை விலகியது 1800ல். வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டரும் ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. ரேடியோக் கதவு திறக்க இன்னும் நூற்று முப்பது வருஷம் ஆயிற்று. அதைத் திறந்தவரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

அவர் பெயர் கார்ல் ஜான்ஸ்கி. அமெரிக்காவில் பெல் லேபரட்டரியில் வேலை. அட்லாண்டிக் கடலைத் தாண்டி ரேடியோ மூலம் டெலிபோன் பேசும் காலம் அது. நடுவே கரகரவென்று இரைச்சல் வருகிறது, எங்கிருந்து என்று கண்டுபிடி என்று பணித்தார்கள். நியூஜெர்ஸியில் ஹோம்டெல் என்ற கிராமத்து வயலில் முப்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா கட்டினார். திருப்பிப் பார்க்க வசதியாக அதற்கு ஃபோர்டு கார் சக்கரங்களைப் பூட்டினார். பக்கத்தில் அடிக்கும் இடி ஒரு சத்தம், தூரத்து இடி ஒரு சத்தம். மூன்றாவதாக ஒரு மெல்லிய உஸ்ஸ்ஸ். அது மட்டும் பிடிபடவில்லை. சூரியன் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அந்த உஸ் சூரியன் மாதிரி 24 மணிக்கு ஒருதரம் வரவில்லை. 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒருதரம் வந்தது. தினம் நாலு நிமிஷம் முன்கூட்டியே வருகிற ஆசாமி. நம் ஆபீஸ்களில் அப்படி யாரும் கிடையாது, வானத்தில் உண்டு. நட்சத்திரங்கள் அந்த டைம்டேபிள்படிதான் உதிக்கின்றன. ஆக, சத்தம் சூரியனைத் தாண்டி, தனுசு ராசிப் பக்கம், பால்வீதியின் நடுவிலிருந்து வருகிறது என்று 1933ல் அறிவித்தார். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது.

அதற்கப்புறம்? பெரிதாக ஒரு தட்டு கட்டித் தாருங்கள், இதை மேலே ஆராய்கிறேன் என்றார். கம்பெனிக்குத் தேவை டெலிபோன். இரைச்சல் பால்வீதியிலிருந்து வந்தால் அதை ரிப்பேர் செய்ய முடியாதே! வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். 1950ல், 44 வயதில் போய்ச் சேர்ந்தார். ரேடியோ ஒளியின் பிரகாசத்தை இன்று 'ஜான்ஸ்கி' என்ற அலகால் அளக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு தட்டு கொடுத்திருக்கலாம்.

1964ல் அதே ஹோம்டெல்லில் இன்னொரு ஆன்டெனாவில் இன்னொரு உஸ். இந்த முறை பென்ஸியாஸ், வில்ஸன் என்று இரண்டு பேர். எந்தப் பக்கம் திருப்பினாலும், பகலோ இரவோ, குறையாத சத்தம். ஆன்டெனாவுக்குள் புறா ஜோடி ஒன்று குடித்தனம் நடத்தி உள்பக்கம் முழுவதும் வெள்ளையடித்து வைத்திருந்தது. புறாவை அனுப்பி, சுத்தமாகத் துடைத்தும் சத்தம் போகவில்லை. அது பிரபஞ்சம் பிறந்த காலத்துச் சூட்டின் மிச்சம் என்று பிறகு தெரிந்தது. 1978ல் நோபல் பரிசு. பழைய டி.வி.யில் நிகழ்ச்சி முடிந்ததும் எறும்பு ஊருமே, அதில் ஒரு சின்னப் பங்கு இந்தச் சமாசாரம்தான். நாமெல்லாம் பிரபஞ்சத்தின் பிள்ளைப்பிராயத்தை ஹாலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆன்டெனாவைத் தட்டச் சொல்லி மொட்டை மாடிக்குத் தம்பியை விரட்டியிருக்கிறோம்.

இதில் ஒரு சங்கடம் கவனித்தீர்களா? இரைச்சல் என்று வந்தால் அது வானமாகவும் இருக்கலாம், புறா எச்சமாகவும் இருக்கலாம். எது எது என்று பிரித்துச் சொல்வதில்தான் மனுஷன் பேரே இருக்கிறது. இப்போது பார்க்ஸுக்குத் திரும்பலாம்.

2007ல் டங்கன் லோரிமர் என்ற விஞ்ஞானியும் குழுவும் பார்க்ஸின் பழைய பதிவுகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, 2001 ஜூலையில் பதிவான ஒரு பளிச்சைப் பார்த்தார்கள். ஆயிரத்தில் ஐந்து பங்கு செகண்ட். அவ்வளவுதான். அப்புறம் வரவே இல்லை. கணக்குப் போட்டால், நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலிருந்து வந்திருக்கிறது. சூரியன் ஒரு மாசம் முழுக்கக் கொட்டும் சக்தியை ஒரு கண்ணிமைப்புக்குள் கொட்டியிருக்கிறது.

தூரம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு தாத்தாவும் பேரனும் வீட்டிலிருந்து ஒரே சமயத்தில் கோயிலுக்குக் கிளம்புகிறார்கள் என்று வையுங்கள். பேரன் நேரே ஓடிவிடுகிறான். தாத்தா வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று குசலம் விசாரித்து மெதுவாக வந்து சேர்கிறார். எவ்வளவு லேட் என்று பார்த்தால், வழியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரிந்துவிடும். நட்சத்திரங்களுக்கு நடுவே எலெக்ட்ரான்கள் திரிகின்றன. சின்ன அலைநீளம் பேரன். பெரிய அலைநீளம் தாத்தா. இந்தப் பளிச்சில் தாத்தா ரொம்பவே லேட். நம் பால்வீதிக்குள் அவ்வளவு எலெக்ட்ரான் கிடையாது. ஆகவே வெளியிலிருந்து வந்தது.

பிரமாதம் என்று எல்லோரும் கை தட்டத் தயாராகும்போது வந்தது வினை. அதே பார்க்ஸ் பதிவுகளில், 1998லிருந்தே, இதே மாதிரி பளிச்சுகள் வேறு சில இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவற்றிலும் தாத்தா லேட். கிட்டத்தட்ட லோரிமரின் தாத்தா அளவுக்கே லேட். ஆனால் ஒரு குறை. பார்க்ஸ் டெலஸ்கோப்புக்கு ஒரே சமயத்தில் வானத்தின் பதின்மூன்று புள்ளிகளைப் பார்க்கிற கண்கள் உண்டு. வானத்தில் தூரத்தில் ஒன்று மினுக்கினால் ஒரு கண்ணில் தெரியும், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று. இந்தப் பளிச்சுகள் பதின்மூன்றிலும் தெரிந்தன. அப்படியானால் பக்கத்தில்தான் எங்கேயோ. மின்னலா, காற்று மண்டலத்தில் ஏதாவதா? யாருக்கும் தெரியவில்லை. கதைகளில் வரும் ஒரு இல்லாத மிருகத்தின் பெயரைத் தேடிப்பிடித்து 'பெரிட்டான்' என்று வைத்தார்கள்.

லோரிமரின் நிலைமையை யோசியுங்கள். புது வகை விண்பொருளைக் கண்டுபிடித்தேன் என்று உலகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. இப்போது அக்கம்பக்கத்தில், "அதுவும் இந்த ரகம்தானோ?" என்று முணுமுணுப்பு. வேறு டெலஸ்கோப் எதிலும் அப்போது அந்த மாதிரி பளிச்சு கிடைத்திருக்கவில்லை. பார்க்ஸில் மட்டும் வருகிறது என்றால் கோளாறு வானத்திலா, பார்க்ஸிலா? வருஷக்கணக்கில் இப்படி ஒரு தொங்கல்.

பெரிட்டான்களின் நேரத்தைக் குறித்துப் பார்த்தவர்களுக்கு முதல் சந்தேகம் வந்தது. ராத்திரி வருவதில்லை. வார நாட்களில் வருகின்றன. அதிலும் பகல் சாப்பாட்டு வேளையை ஒட்டி. லஞ்ச் டயம் அனுஷ்டிக்கும் விண்பொருள்!

2015 ஆரம்பத்தில், சுற்றுப்புற ரேடியோ இரைச்சலைக் கவனிக்கப் புதிதாக ஒரு கருவி வைத்தார்கள். எமிலி பெட்ராஃப் என்ற ஆராய்ச்சி மாணவியின் குழு, பெரிட்டான் வந்த அதே கணத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு சத்தம் வந்திருப்பதைப் பிடித்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அது மைக்ரோவேவ் அடுப்பின் விலாசம். உடனே ஒரு கோப்பைத் தண்ணீரை அடுப்பில் வைத்துச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. மணி அடித்துத் தானாக நின்றால் பெரிட்டான் வருவதே இல்லை. அப்புறம் யாருக்கோ தோன்றியிருக்கிறது. நடுவில் கதவைத் திறந்தார்கள். வந்தது! அடுப்புக்குள் அலையை உண்டாக்கும் குழாய் அணைகிற கணத்தில் தாறுமாறாக இறங்கிக்கொண்டே ஒரு அலையை விடுகிறது. கதவு திறந்திருப்பதால் வெளியே தப்பிவிடுகிறது. தட்டு சரியாக அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் சிக்கிக்கொள்கிறது. பதினேழு வருஷ மர்மம், யாரோ ஒருவருக்கு டிங் வரைக்கும் பொறுமை இல்லாததால்.

பத்திரிகைகளில் இத்துடன் கதை முடிந்து, எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. அதே குழு, அதே கட்டுரையில், லோரிமரின் பளிச்சை விடுவித்தது. அது கண்ட நேரத்தில் வருகிறது, சாப்பாட்டு வேளை பார்ப்பதில்லை. பதின்மூன்று கண்ணிலும் தெரியவில்லை. இது அடுப்பு, அது வானம் என்று கோடு கிழித்தார்கள். 2017ல், திரும்பத் திரும்பப் பளிச்சிடும் ஒரு பேர்வழியின் வீட்டையே கண்டுபிடித்தார்கள். சுமார் முந்நூறு கோடி ஒளியாண்டு தள்ளி ஒரு குட்டி காலக்ஸி.

2020 ஏப்ரல் 28ல் நம் பால்வீதிக்குள்ளேயே ஒன்று பளிச்சிட்டது. கனடாவில் உள்ள சைம் என்ற ரேடியோ டெலஸ்கோப் பிடித்தது. அதே கணத்தில் மேலே சுற்றிக்கொண்டிருந்த சாட்டிலைட்டுகள் எக்ஸ்ரேயிலும் அதைப் பிடித்தன. உலகத்தில் எந்தக் கான்டீன் அடுப்பாலும் சாட்டிலைட்டில் எக்ஸ்ரே அடிக்க முடியாது. குற்றவாளி ஒரு மாக்னட்டார். செத்த நட்சத்திரத்தின் சுருங்கிய மிச்சம், ஒரு நகரத்தின் அகலம்தான் இருக்கும், காந்தசக்தி மட்டும் கற்பனைக்கு எட்டாதது. ரேடியோவை மட்டும் வைத்துப் பதின்மூன்று வருஷம் வாதாடிய கேஸில் எக்ஸ்ரே ஒரு நொடிக்குள் சாட்சி சொல்லிவிட்டது.

எக்ஸ்ரே பார்க்க சாட்டிலைட் எதற்கு? காற்று மண்டலம் எக்ஸ்ரேயைத் தரைக்கு விடுவதில்லை. விட்டால் நாம் இருக்க மாட்டோம். 1962ல் ரிக்கார்டோ ஜியக்கோனி குழு ஒரு ராக்கெட்டை அனுப்பியது. காற்றுக்கு மேலே அது இருந்தது ஆறு நிமிஷத்துக்கும் குறைவு. சந்திரனிலிருந்து எக்ஸ்ரே வருகிறதா என்று பார்க்கப் போய், விருச்சிக ராசியில் பிரகாசமான வேறொன்றைப் பார்த்தார்கள். நாற்பது வருஷம் கழித்து 2002ல் ஜியக்கோனிக்கு நோபல். 1999ல் ஏவிய பெரிய எக்ஸ்ரே டெலஸ்கோப்புக்கு, மதராஸ் பிரஸிடென்ஸி காலேஜில் படித்து, 1930ல் பத்தொன்பது வயதில் கப்பலேறிய சந்திரசேகரின் பெயரைச் சுருக்கி 'சந்திரா' என்று வைத்தார்கள்.

சீனு மறுநாள் தானாகவே வந்தான். கூகிளில் பார்த்திருக்கிறான். "மெய்தான் ஸார். ஆனா இதெல்லாம் ஆஸ்திரேலியா, கனடா. நம்ம ஊர்ல ஏதாவது உண்டா?"

உண்டு. ஊட்டியில். போட்டானிக்கல் கார்டனில் போட்டோ எடுத்துக்கொண்டு, வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். கொஞ்சம் தள்ளி முத்தோரை என்ற இடத்தில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில், நெடுக்குவாட்டில் பிளந்த குழாய் மாதிரி ஒரு ரேடியோ டெலஸ்கோப் படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970ல் கட்டி முடித்தது. ஸ்வரூப் 1950களில் சிட்னியில் வேலை கற்றுக்கொண்டவர். அவர் தேடிப்பிடித்த மலைச்சரிவின் சாய்வு பதினொரு டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் பதினொரு டிகிரி. இந்த ஒரு பொருத்தத்தால் டெலஸ்கோப்பின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. பூமி சுற்றச் சுற்ற, டெலஸ்கோப்பை ஒரே ஒரு பக்கமாக உருட்டினால் போதும், வானத்து ஆசாமி ஒன்பது மணி நேரம் பார்வையில் இருப்பார். பணம் அதிகம் இல்லாத தேசத்தில் மலையையே இயந்திரத்தின் பாதியாக்கிக்கொண்ட சாமர்த்தியம். சந்திரன் ஒவ்வொரு ரேடியோ மூலத்தையும் மறைக்கும் கணத்தைக் குறித்து, அது எவ்வளவு பெரியது என்று நூற்றுக்கணக்கானவற்றுக்கு அளந்தார்கள். கனடாவின் சைம் 100 மீட்டர் நீளமுள்ள நாலு பாதிக் குழாய். அந்த ஜாடையைப் பார்த்தால் ஊட்டிக்குத் தங்கை முறை என்பேன்.

"அப்ப ஊட்டியில யாரும் மைக்ரோவேவ்ல சாப்பாடு சூடு பண்ணக் கூடாதா?"

விளையாட்டாகக் கேட்டான். ஆனால் இதுதான் இப்போது நிஜமான தலைவலி. அடுப்பு போகட்டும், செல்போனைச் சொல்லுங்கள். சந்திரனில் ஒரு செல்போனை வைத்துப் பேசினால், பூமியிலிருந்து பார்க்கும் ரேடியோ வானத்தில் மிகப் பிரகாசமான பொருட்களில் அதுவும் ஒன்றாகிவிடும். நட்சத்திரங்கள் பேசுவது அவ்வளவு ரகசியமாக. அமெரிக்காவில் கிரீன் பாங்க் டெலஸ்கோப்பைச் சுற்றி 1958லேயே அமைதி மண்டலம் அறிவித்தார்கள். தட்டுக்கு அருகில் டீசல் வண்டி மட்டும்தான் போகலாம். பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக்கே இரைச்சல். தரையிலாவது இப்படிச் சட்டம் போடலாம். தலைக்கு மேலே இன்டர்நெட் சாட்டிலைட்டுகள் ஆயிரக்கணக்கில் சுற்ற ஆரம்பித்துவிட்டன. பேச வேண்டிய அலைவரிசை தவிர, தங்களை அறியாமல் வேறு அலைகளிலும் அவை முனகுகின்றன என்று 2023ல் ஐரோப்பிய டெலஸ்கோப் ஒன்று பதிவு செய்தது. ஜான்ஸ்கி இன்று வயலில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால், அந்த மெல்லிய உஸ் அவர் காதில் விழுந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. நானும் இதை வீட்டு வைஃபையில்தான் டைப் அடித்து அனுப்புகிறேன், பெரிய யோக்கியன் மாதிரி பேசவில்லை.

நேற்று மதியம் கான்டீனில் சீனுவுக்குப் பின்னால் நின்றேன். எலுமிச்சை சாதம். முப்பது செகண்ட் ஓடிற்று. கைப்பிடி வரை போன கையை இழுத்துக்கொண்டான். பின்னால் அக்கவுண்ட்ஸ்காரர் பொறுமை இழந்து, "என்னப்பா, திறந்து எடேன், எல்லாருக்கும் பசிக்குது" என்றார்.

"ஒரு நிமிஷம் இருங்க ஸார்" என்றான் சீனு. "ஊட்டியில வேலை நடந்துட்டிருக்கு."